ஞானத்தாயாக நிற்க மறுத்தவர்

ஐயாவின் கடிதங்கள் வந்துசேர ஒரு மாதம் எடுக்கும். சில வேளை இரண்டு கடிதங்கள் ஒன்றாக வந்து விழும். ஷெல்லடி, அரைநாள் பள்ளிக்கூடம், மண்ணெண்ணெய் இல்லை என்று எல்லாவற்றையும் எழுதி முடித்து, கையெழுத்துக்கு மேலே ஒரு வரி வைப்பார்: "பிள்ளைக்கு ஞானஸ்நானம் எப்போது?" முதல் கடிதத்தில் அது சும்மா விசாரிப்பு மாதிரி இருந்தது. மகளுக்கு ஏழு மாதமானபோது வந்த கடிதத்தில் கேள்விக்குறி இல்லை.

நான் வாக்குக் கொடுத்திருந்தேன். ஐயா எங்கள் ஊர்க் கோவிலில் உபதேசியார். நான் கலியாணம் செய்ய விரும்பினவரோ சைவக்காரர். ஐயா மூன்று நாள் ஒருவரோடும் கதைக்காமல் இருந்துவிட்டு, நாலாம் நாள் காலமை என்னைக் கூப்பிட்டார். "பிறக்கிற பிள்ளையளுக்கு ஞானஸ்நானம் குடுக்கவேணும். வேற ஒண்டும் நான் கேக்கேல்லை" என்றார். நான் ஓம் என்றேன். அந்த ஒரு ஓமை நம்பித்தான் அவர் தன் சகோதரங்களின் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு என் கலியாணத்தில் முன்வரிசையில் இருந்தார்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் சுவிஸில் உள்ள லாங்கன்தாலுக்கு வந்து சேர்ந்தோம். என் கணவர் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். எங்கள் அகதி விண்ணப்பம் பேர்னில் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. நான் இரண்டு அறைகளுக்குள் பிள்ளையோடு நடந்துகொண்டிருந்தேன். அழுதால் ஏன் அழுகிறாள் என்று யோசிப்பேன். அழாவிட்டால் ஏன் அழவில்லை என்று யோசிப்பேன். காற்றில்லை என்று ஜன்னலைத் திறப்பேன், குளிர் என்று பூட்டுவேன், திரும்பவும் திறப்பேன். என் கணவர் ஒருநாள், "நீர் ஒண்டு செய்யும், அந்த ஜன்னலுக்கு ஒரு பாட்டரி பூட்டிவிடும், தன்ர பாட்டில திறந்து பூட்டட்டும்" என்றார்.

அந்த ஊரில் எங்களுக்கென்று ஒரேயொரு ஆள்தான் இருந்தார். வீட்டில் அவரை வியாழக்கிழமை அன்ரி என்று சொல்லுவோம். நாற்பத்தைந்து வயதிருக்கும், பக்கத்துக் கிராமத்தில் மாடு வளர்க்கும் குடும்பம். பிரசவ ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்த தன் அயலவளைப் பார்க்க வந்தவர், பார்க்க ஆளில்லாமல் கிடந்த என்னையும் பார்த்தார். அதன் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலை ஒன்பது மணிக்கு வருவார். அவருடைய கிராமத்திலிருந்து வரும் சின்ன ரயில் எட்டு ஐம்பத்திரண்டுக்கு எங்கள் சமையலறை ஜன்னலுக்குக் கீழே போகும். அது போய் எட்டாவது நிமிடம் மணி அடிக்கும். அரசாங்கக் கந்தோர்களிலிருந்து வந்த கடிதங்களை நான் மேசையில் அடுக்கி வைத்திருப்பேன். அவர் ஒவ்வொன்றையும் வாசித்து, எனக்கு விளங்கும் ஜேர்மனில், விரலால் காட்டிக் காட்டிச் சொல்லுவார். பிறகு பிள்ளையை நிறுக்கும் இடத்துக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போவார்.

அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. நான் போட்ட கோப்பியைக் குடித்துவிட்டு, "இது நல்லாயில்லை" என்றார். "கட்டாயம் வருவீர்கள்தானே?" என்று கேட்டால் அந்தக் "கட்டாயம்" அவருக்குப் பிடிக்காது. "நான் ஓம் என்று சொன்னால் போதும்" என்பார். தங்கள் ஆட்கள் நீதிமன்றத்தில்கூடச் சத்தியம் செய்வதில்லை என்று ஒருமுறை சொன்னார். அது ஏன் என்று நான் கேட்டிருக்கவேண்டும். பிள்ளைக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய சபைக்கும் போனோம். பலகையால் கட்டிய நீளமான மண்டபம். சுவரில் ஒரு வசனத்தைத் தவிர வேறொன்றுமில்லை. நாலு குரலில் பாடுவார்கள். பிரசங்கம் எனக்குப் பாதி விளங்காது. பிள்ளை அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு போய்விடுவேன், மற்றப் பாதியும் போய்விடும். எங்கள் ஊர்க் கோவில் மாதிரியே வெறுமையாக இருக்கிறதே என்று ஆறுதலாக இருந்தது. ஞானஸ்நானத் தொட்டி ஒன்று அங்கே இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

இதை எழுதும்போது இப்பவும் வெட்கமாயிருக்கிறது. ஏனென்றால் ஊரில் நான் உயர்தர வகுப்புக்கு ஐரோப்பிய வரலாறு படிப்பித்தவள். இங்கிலாந்தில் அரச திருச்சபையை விட்டு விலகினவர்களின் கதையை நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன். கரும்பலகையில் கலர் சோக்கால் ஒரு மரமே கீறுவேன். அடியில், உள்ளே இருந்துகொண்டே திருச்சபையைத் திருத்தலாம் என்று நம்பினவர்கள். அதற்கு மேலே, அரசன் திருத்தும்வரை காத்திருக்க முடியாது என்று வெளியேறினவர்கள். அரசனின் ஜெபப் புத்தகத்துக்கு ஒப்பமாட்டோம் என்று வேலையையும் வீட்டையும் விட்டுப்போன குருமார். வீட்டாரைத் தவிர ஐந்து பேருக்கு மேல் கூடி ஜெபித்தால் குற்றம் என்ற சட்டம். எங்கள் ஊர்க் கோவிலைக் கட்டிய அமெரிக்க மிஷனரிமார் அந்த மரத்தின் ஒரு கிளை என்று சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து இருப்பார்கள்.

இன்னொரு கிளையில் ஒரு போதகர் இருந்தார். இங்கிலாந்தை விட்டு ஒல்லாந்துக்கு ஓடிப்போன ஒரு சிறு கூட்டத்துக்குத் தலைவர். குழந்தைக்குக் கொடுப்பது ஞானஸ்நானமே இல்லை, விசுவாசிக்கத் தெரிந்த பிறகுதான் கொடுக்கவேண்டும் என்று அந்தக் கூட்டம் முடிவெடுத்தது. அப்படிப் பார்த்தால் அவர்களில் ஒருவருக்கும் ஞானஸ்நானம் இல்லை. யார் யாருக்குக் கொடுப்பது? அந்தப் போதகர் தன் தலையில் தானே தண்ணீரை ஊற்றிக்கொண்டார். இந்த இடம் வந்தால் வகுப்பே சிரிக்கும். ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், இது தன்ர சேட்டிபிக்கட்டில தானே கையெழுத்து வைச்ச மாதிரியெல்லோ?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன்.

பிறகு அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. செய்தது பிழையோ என்று தவித்து, தங்களுக்கு முன்பே அதே கொள்கையோடு அந்த நாட்டில் இருந்தவர்களிடம் போய்ச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார். அந்த ஆட்கள் முதன்முதல் தோன்றியது சுவிஸ் மலைகளுக்குப் பக்கத்தில் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. பரீட்சைக்கு வராது என்று அந்த வரியை நான் தாண்டிப் போவேன்.

தை மாதக் கடைசியில் லாங்கன்தால் பெரிய கோவிலின் போதகர் வீட்டுக்கு வந்தார். நகரசபையில் பிள்ளையைப் பதிந்த நாளில், என்ன சமயம் என்று கேட்ட எழுத்தருக்கு நான் புரட்டஸ்தாந்து என்று சொல்லியிருந்தேன். அவர் என்னையும் பிள்ளையையும் அரச திருச்சபையில் எழுதிவிட்டார். போதகர் இளம் ஆள். தேத்தண்ணி குடித்தார். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதானால் வருகிற மாதம் இரண்டாம் ஞாயிறு வசதி என்றார். எனக்கு அழுகை வரப் பார்த்தது. ஏழு மாதமாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததை அவர் வந்து பத்து நிமிடத்தில் நாட்காட்டியில் குறித்துவிட்டார். எழும்பும்போது கேட்டார்: "பிள்ளைக்குக் கோட்டே யார்?" அந்தப் பக்கத்தில் ஞானத்தாயை அப்படித்தான் சொல்லுவார்கள்.

மத்தியான இடைவேளையில் வீட்டுக்கு வந்த கணவரிடம் சொன்னேன்.

"கோட்டேயோ? கொழும்புக்குப் பக்கத்தில புதுப் பார்லிமென்ட் கட்டின இடமெல்லோ அது! அதையே பிள்ளைக்கு எழுதிக் குடுக்கப் போயினம்?"

"பகிடியை விடுங்கோ. ஆரைக் கேக்கிறது?"

"இதில என்ன கேள்வி? எங்களுக்கு வேற ஆர் இருக்கினம்? உம்மட வியாழக்கிழமை அன்ரியைக் கேளும்."

எனக்கும் அதுதான் மனதில் இருந்தது. ஊரில் ஒரு சபைக்காரர் மற்றச் சபையின் ஞானஸ்நானத்துக்கு வந்து நிற்பது புதினமில்லை. மூன்று நாள் வசனங்களைப் பாடமாக்கினேன். வியாழக்கிழமை பற்றிஸ் பலகாரம் சுட்டு வைத்தேன். கடிதங்களைக்கூட ஒளித்து வைத்தேன், முதலில் இதைக் கேட்கவேண்டும் என்று.

கேட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எந்தக் கோவிலில்?"

"இந்த ஊர்ப் பெரிய கோவிலில்."

"இந்தப் பிள்ளைக்கா?"

"ஓம்."

அவருடைய கழுத்து சிவந்துகொண்டு வந்தது. எனக்கு உடனே ஒன்று தோன்றியது. இங்கே ஞானத்தாய் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பரிசு கொடுக்கவேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்காக யோசிக்கிறார் என்று நினைத்து, "பரிசு ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்து நின்றால் போதும்" என்று அவசரமாகச் சொன்னேன்.

"என்னால் முடியாது" என்றார். கோப்பி நல்லாயில்லை என்று சொன்ன அதே குரல்.

பிறகு மெதுவாக, எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "நானூறு வருடத்துக்கு முன்பு எங்கள் ஆட்களைப் பேர்னில் ஆற்றுக்குள் அமிழ்த்திக் கொன்றார்கள். எங்கள் குழந்தைகளை அந்தக் கோவிலுக்குத் தூக்கிவரமாட்டோம் என்று சொன்னதற்காக. நான் எப்படி ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே நிற்பேன்?"

கரும்பலகையும் கலர் சோக்கும், சுவிஸ் மலைகளைப் பற்றி நான் தாண்டிப்போன அந்த ஒரு வரியும் என் முன்னால் மேசையில் கைவைத்துக்கொண்டு இருந்தன. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பற்றிஸ் தட்டைத் தள்ளி வைத்தேன். திரும்பக் கிட்ட வைத்தேன். அவர் எழும்பிச் சால்வையைப் போட்டுக்கொண்டு, "சனிக்கிழமை பிள்ளையோடு வாருங்கள். ஒன்று காட்டவேண்டும்" என்றார். அன்றைக்குக் கடிதங்கள் வாசிக்கப்படவில்லை.

கணவர் கதையைக் கேட்டுக்கொண்டே ஒரு பற்றிஸைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு, "எனக்கெண்டா ஒண்டும் விளங்கேல்லை. ஒரே வேதப்புத்தகம், ஒரே சாமி. தண்ணியை எப்ப ஊத்திறது எண்டோ சண்டை?" என்றார்.

"உங்கட ஆக்கள் நாமத்துக்குச் சண்டை பிடிக்கேல்லையோ?"

"நாமம் வைக்கிறது எங்கட ஆக்களில்லை. நாங்கள் திருநீறு" என்றார். சிரித்தோம். சிரித்து முடிந்ததும், "அவவைக் கோவிக்கப்பண்ணிப்போடாதையும். வேற ஆரும் இல்லை எங்களுக்கு" என்றார். அவர் சொல்லாமலே அதை நாள் முழுதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

சனிக்கிழமை அவருடைய தம்பியின் வீட்டுக்குப் போனோம். மலைச்சரிவில், முழங்கால் அளவு பனிக்குள், கூரை நிலம் தொடுகிற மாதிரிப் பெரிய மரவீடு. மேல்மாடியில் ஒடுங்கிய நடை. அதில் ஒரு இடத்தில் அன்ரி நின்று, பலகை ஒன்றின் ஓரத்தைக் காலால் அழுத்தினார். மற்றப் பக்கம் எழும்பியது. கீழே ஆள் மடங்கி இருக்கக்கூடிய ஒரு இருட்டுக் குழி. அந்தக் காலத்தில் பிடிக்க வருபவர்கள் கதவைத் தட்டினால் இந்தப் பலகையில் கால் வைத்தால் போதுமாம். ஆள் உள்ளே விழ, பலகை தானே பொருந்திவிடுமாம். நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்தேன்.

"இதற்குள் எத்தனை பேர்?"

"ஒருவர். நெருக்கினால் இரண்டு பேர்."

"பிள்ளைகளை எங்கே ஒளித்தார்கள்?"

அவர் என்னைப் பார்த்தார். "பிள்ளைகளை ஒளிக்க முடியாது. பிள்ளைகள் அழும். அவர்களைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்கள்."

அப்போதுதான் ஐயாவைப் பற்றிச் சொன்னேன். மூன்று நாள் அவர் கதைக்காமல் இருந்தது, நாலாம் நாள் கேட்டது, கடிதத்தின் கடைசி வரி எல்லாவற்றையும் என் உடைந்த ஜேர்மனில் சொன்னேன். அவர் பலகையிலிருந்து காலை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்கள் ஓம் என்று சொன்னீர்களா?"

"ஓம். சொன்னேன்."

"அப்படியானால் செய்யத்தான் வேண்டும்" என்றார். காலை எடுத்தார். பலகை மூடிக்கொண்டது. "ஆனால் நான் நிற்கமாட்டேன்."

கீழே இறங்கும்போது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அதற்குப் பிறகு நீங்கள் வியாழக்கிழமை வருவீர்களா?"

வேறு யாராக இருந்தாலும் ஏன் வராமல் என்று சொல்லியிருப்பார்கள். அவர் படியில் நின்று உண்மையாகவே யோசித்தார்.

"தெரியாது" என்றார்.

அந்தத் "தெரியாது" என்னோடு வீட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கு இன்னும் எட்டு நாள். காலையில் போதகரிடம் போய் வேண்டாம் என்று சொல்லலாம் என்று சப்பாத்தைப் போடுவேன். மத்தியானம் ஐயாவின் கடிதத்தை எடுத்துக் கடைசி வரியைப் பார்த்துவிட்டுக் கழற்றுவேன். இடையில் வந்த வியாழக்கிழமை அவருக்குச் சபைப் பெண்கள் கூட்டம்; வரமாட்டார் என்று முன்பே சொல்லியிருந்தார். அது உண்மைதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எட்டு ஐம்பத்திரண்டுக்கு ஜன்னலடியில் நின்றேன்.

வெள்ளிக்கிழமை ஒரு யோசனை வந்தது. சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீரை இளஞ்சூடாக்கினேன். பிள்ளையைக் கையில் எடுத்தேன். ஆபத்து நேரத்தில் விசுவாசி எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஐயாவே படிப்பித்திருக்கிறார். மூன்று முறை ஊற்றினால் போதும். ஐயாவுக்கு ஆயிற்று என்று எழுதலாம். பெரிய கோவிலுக்குப் போகத் தேவையில்லை. அன்ரி வருவார். உள்ளங்கையில் தண்ணீரை எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து, "தன்ர சேட்டிபிக்கட்டில தானே கையெழுத்து" என்று அந்த வகுப்புப் பிள்ளை காதுக்குள் சொன்னாள். இது என்ன ஆபத்து நேரம்? எனக்கு வசதியான நேரம். ஒல்லாந்துக்கு ஓடின அந்தப் போதகராவது ஊற்றின பிறகுதான் சந்தேகப்பட்டார். எனக்கு ஊற்ற முதலே எல்லாம் வந்துவிட்டது. பிள்ளையின் முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டேன். அவள் தண்ணீர் இன்னும் வேண்டும் என்று குழாயைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். வாசலில், ஊர்ப் பழக்கத்தில், நாங்கள் இருவரும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டோம். மாசி மாதத்துக் கல்தளம். காலுறைக்குள்ளால் குளிர் எலும்புக்கு ஏறியது. முன்னால் போய் நின்ற பிறகுதான் எல்லோருடைய கால்களிலும் சப்பாத்து இருப்பதைக் கண்டேன். "இனி ஓடிப்போய் போடேலாது. நில்லும்" என்று கணவர் காதுக்குள் சொன்னார். போதகர் கேட்டதற்காக, அந்தக் கோவிலைக் கூட்டித் துடைக்கும் பெண் கோட்டேயாக நின்றாள். நல்ல மனுசி, என் கால்களைப் பார்த்துவிட்டுத் தன் கம்பளிச் சால்வையைக் கீழே போட்டு அதன்மேல் நிற்கச் சொன்னாள். போதகர் கேட்டார், நான் "யா" என்றேன். பிள்ளை அழவில்லை. போதகரின் கழுத்திலிருந்த வெள்ளைப் பட்டியைப் பிடித்து இழுத்தாள். மூன்று நிமிடத்தில் முடிந்தது. ஏழு மாதம் நான் நினைத்துக்கொண்டிருந்த நிம்மதி அந்த மூன்று நிமிடத்திலும் வரவில்லை, பிறகும் வரவில்லை. ஈரமான அந்தச் சின்னத் தலையைப் பார்த்தபோது பலகைக்குக் கீழே இருந்த குழிதான் ஞாபகம் வந்தது.

அன்றைக்கே ஐயாவுக்கு எழுதினேன். ஞானத்தாய் யார் என்று கேட்பார் என்று தெரியும். கோவிலில் வேலை செய்பவர் என்று எழுதினேன். அது உண்மை. ஐயா வேறு விதமாக விளங்கிக்கொண்டு சந்தோசப்படுவார் என்பதும் எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை வந்தது. விடியலிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. கந்தோர்க் கடிதங்கள் ஐந்து சேர்ந்திருந்தன. பேர்னிலிருந்து வந்த தடித்த உறை ஒன்றும் இருந்தது. அதை நான் உடைக்கவேயில்லை. கோப்பி போட்டேன், ஊற்றிவிட்டுத் திரும்பப் போட்டேன். எட்டு ஐம்பத்திரண்டுக்குச் சின்ன ரயில் ஜன்னலுக்குக் கீழே போனது. நான் கடிகாரத்தைப் பார்த்துச் சரி பார்த்தேன். பனியென்றாலும் ஒரு நிமிடம் பிந்தவில்லை.

ஒன்பது மணி. மணி அடிக்கவில்லை. ஒன்பது ஐந்து. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவடிக்குப் போனேன்; வந்தேன். ஒன்பது பத்துக்குக் கடிதங்களை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். யாரைக் கேட்டு இதையெல்லாம் வாசிக்கப் போகிறேன் என்று நினைத்தேன். பிறகு, வாசிப்பதற்காகவா அவர் வேண்டியிருந்தார் என்று நினைத்தேன். கடிதங்களைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

ஒன்பது இருபத்தைந்துக்கு மணி அடித்தது.

கதவைத் திறந்தேன். அன்ரி நின்றார். தலைச்சீலையிலும் இரண்டு தோள்களிலும் விரலளவு பனி ஏறியிருந்தது. நடந்து வரும் ஆளில் பனி அப்படி ஏறாது. ஓரிடத்தில் நின்ற ஆளில்தான் ஏறும். எங்கள் வாசல் விளக்குக் கம்பத்தடியிலோ, ரயில் மேடையிலோ, எங்கேயோ அரைமணி நேரம் நின்றிருக்கிறார்.

"மன்னியுங்கள்" என்றார். "ரயில் பிந்திவிட்டது."

என் முகத்தைப் பார்க்காமல் சால்வையை உதறிக் கொழுவினார். கழுத்து சிவந்திருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"ஓம்," என்றேன். "இந்தப் பனிக்குப் பிந்தும்தான்."

அவர் கையைச் சூடாக உரசிக்கொண்டு பிள்ளையை வாங்கினார். அவளுடைய தலையை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவளை மடியில் இருத்தி, கோப்பியை ஒரு வாய் குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. பேர்னிலிருந்து வந்த உறையை எடுத்துச் சுட்டுவிரலால் கிழிக்கத் தொடங்கினார்.